மூன்று முறை கூப்பிடும் வரை

பழைய புத்தகக் கடையில் வாங்கிய சமையல் புத்தகத்தைப் பார்த்துத் தையற்காரி பூசணி சூப் வைத்தாள். 'நாத்தனார் மூன்று முறை கூப்பிடும் வரை கிளறவும்' என்று அதில் இருந்தது.

"இந்தக் கூத்தைப் பாருங்க! நாத்தனாருக்கு நான் எங்க போறது?"

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். வீட்டுக்கு ஒரே பிள்ளை அவன்; அக்கா தங்கை யாரும் கிடையாது.

பத்து நிமிடம் கிளறியிருப்பாள். "அண்ணி" என்று உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். மறுபடியும் "அண்ணி". அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கை மட்டும் கிளறிக்கொண்டே இருந்தது. மூன்றாவது குரலில் கோபம் தெரிந்தது.

"என்னங்க, யாருங்க அது?"

கணவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

"இன்னுமா அவகூட சண்டை? போய் என்னன்னு கேளேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். சூப் சரியான பதத்துக்கு வந்திருந்தது.