கடைசி ஆள்

எழுபத்தொன்றாம் வருஷம், சண்டை நடந்த டிசம்பர். தீவில், டாலிகஞ்ச் ராணுவ முகாம் பக்கம் டீக்கடை வைத்திருந்த சூசைமேரிக்கு ஒரே கவலைதான்: சாயங்காலம் ரோந்து திரும்பும்போது கடைசி ஆள் வருகிறாரா? பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனில் கடைசி ஆள் பின்பக்கம் பார்த்தபடியேதான் நடப்பார். பின்னால் எதிரி வந்தால் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அவள் புருஷன் இருதயநாதனுக்கு அந்த வேலை.

"கட்டிக்கிட்ட நாளா முதுகைத்தான் பாக்குறேன்" என்பாள். சிப்பாய்கள் சிரிப்பார்கள்.

அன்றும் காட்டுப் பாதையில் வரிசை வந்தது. கடைசியில் அதே முதுகு, காலையில் அவள் ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை. "மாதாவே" என்று மூச்சுவிட்டு, டீயில் இஞ்சி தட்டிப் போட்டாள்.

"இஞ்சி டீ யாருக்குக்கா?" என்றான் ரோந்தில் வந்த நாயக் கந்தப்பன்.

"வேற யாருக்கு? உங்க அண்ணனுக்குத்தான்."

"அண்ணன் எங்ககூட வரலியே! செக்‌ஷனை ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேரைக் காலையிலேயே படகுல கார் நிக்கோபார் தீவுக்கு அனுப்பிட்டாங்க. அண்ணன் அதுல போயிட்டாரு."

"அப்ப கடைசியா வந்தது?"

"நான்தான்."

ரோட்டோரம் நின்ற முதுகு திரும்பவில்லை. பகலெல்லாம் நல்ல வெயில். அந்தச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க" என்றாள்.

அவர் காட்டைப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்துக் கடைவரை வந்தார். டீக்காகக் கையை மட்டும் பின்னுக்கு நீட்டினார். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.