மௌன அஞ்சலி முடிந்த பிறகு

மறைந்த ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் அஞ்சலி செலுத்த, கடலூரில் எங்கள் பள்ளி மைதானத்தில் கூடினோம். மாலை போட்ட படங்களில் கொளஞ்சியப்பனும் இருந்தான். பத்தாவது படிக்கையில் திருநாவுக்கரசு சார் அவனை, "நான் சொல்ற வரைக்கும் உக்காராத" என்று வெயிலில் நிறுத்தினார். பிறகு மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவன் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தான்.

மௌன அஞ்சலிக்கு எழுந்தோம். முடிந்ததும் உட்கார்ந்தோம். தலைமை தாங்க வந்த திருநாவுக்கரசு சார் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தோளைப் பிடித்து அழுத்தினோம். முழங்கால் மடங்கவில்லை. கூட்டம் முடிந்து பந்தலைப் பிரித்தார்கள். வெயில் அவர் தலையில் இறங்கியது.

கொளஞ்சியின் அக்கா பவானியிடம், "உக்காரச் சொல்லும்மா" என்றார்.

"நான் சொல்லி என்னா சார்? அவன் சொல்லணும்ல."

தம்பியின் படத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.