தவமலருக்கு ஒரு பத்திக் சேலை

இங்கர் விளக்கை அணைத்தாள். சுவரில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரம் விரிந்தது.

விடுமுறைக்குப் போய்வந்தால், எடுத்த படங்களைச் சுவரில் விழுத்தி, கோப்பியும் கேக்கும் கொடுத்து யாருக்காவது காட்டாவிட்டால் டெனிஷ்காரருக்குப் பயணம் முடியாது. இன்றைக்கு அகப்பட்டவன் மேல்வீட்டுச் சபாரத்தினம்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் இங்கர். சுல்தானின் அரண்மனை வாசலில், வியர்த்து வழிய அவள் கணவன் யென்ஸ். ஒரே நாளில் ஊரையே அளந்திருந்தார்கள். கடைவீதியில் மெழுகுச் சாயமிட்ட பத்திக் துணி விற்பவளோடு இங்கர் பேரம் பேசிய கதை மட்டும் மூன்று படங்களுக்கு நீண்டது.

சபாரத்தினம் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தான்.

அடுத்தது சிவன் கோயில். உனக்காகவே எடுத்தது என்றான் யென்ஸ்.

சபாரத்தினம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். பாவம், ஊர் நினைவு என்று யென்ஸ் படத்தை அவசரமாக மாற்றினான்.

மனைவி தவமலரைக் கூப்பிட அவன் விண்ணப்பித்து இரண்டு வருஷம். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுகிறது. கொப்பன்ஹேகனில் தமிழரின் விண்ணப்பங்களைத் தொடுவாரில்லை. யென்ஸும் எத்தனையோ தரம் ஃபோன் எடுத்துச் சத்தம் போட்டுப் பார்த்துவிட்டான். கல்லில் நார் உரித்த கதைதான்.

விளக்கு எரிந்தது. இங்கர் ஒரு பொதியை அவன் மடியில் வைத்தாள். போகுமுன்பே சேலைக்கு எவ்வளவு நீளம் என்று அவனிடமே கேட்டு வைத்திருந்தாள். மண்ணிறத்தில் நல்ல பத்திக்.

"அவ வந்து இறங்கிற அண்டைக்குக் குடு."

"இல்லை, நாளைக்கே குடுத்திடுவன்" என்றான் தட்டுத்தடுமாறிய டெனிஷில்.

இங்கர் துள்ளி எழுந்தாள். விசா கிடைத்துவிட்டதா! அவனைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள். யென்ஸ் ஓடிப்போய், நல்ல நாட்களில் மேசையில் வைக்கிற குட்டிக் கொடியை எடுத்துவந்து அவன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அந்த முகங்களைப் பார்த்து எப்படிச் சொல்வது?

துடக்கோடு, தீட்டோடு, இன்னொருவர் வீட்டுப் படி ஏறக்கூடாது. கோயிலையும் பார்க்கக்கூடாது. ஹோர்சன்ஸ் என்கிற இந்தச் சின்ன டெனிஷ் ஊரின் கடைகளில் சேலை ஏது? அதனால்தான் வந்தான்.

நாளைக்கு எட்டாம் நாள். தவமலரின் படத்துக்கு முன்னால் படைக்க ஒரு புதுச்சேலை வேண்டும்.