பதினேழாவது இடம்

கும்பகோணத்து வீட்டிலிருந்தே ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கு கோட் எழுதுகிறேன். கேம் முழுக்க வயல்தான். அதில் நடமாடும் ஒவ்வொரு உயிருக்கும் மெமரியில் ஓர் இடம். கேம் வேகமாக ஓட வேண்டும் என்பதால், ஓர் இடத்தில் பழையது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பாதுகாப்புச் சோதனை எதுவும் வைக்கவில்லை. பதினேழாவது இடத்தில் அப்பா இருந்தார். நிஜத்தைப் போலவே இடது காலை இழுத்து இழுத்து வரப்பில் நடப்பார்.

அப்பா இறந்ததும், திரையில் பார்க்க முடியவில்லை என்றாள் அம்மா. அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கொக்கை வைத்தேன். பழையதைத் துடைக்க மறந்துபோனேன். கொக்கு இடது காலை இழுத்து நடந்தது.

காபி கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"இது இருந்துட்டுப் போகட்டும்டி, குந்தவை."

"இப்படியே விட்டா கேம் மொத்தமா நின்னுடும்மா. நாளைக்குக் குடுக்கணும்."

அந்த இடத்தை முழுக்கப் பூஜ்யத்தால் நிரப்பிப் பழையதைத் துடைத்தேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு கொக்கின் நடையை எழுதினேன். அது கொக்காகவே நடந்து நாற்றுக்குள் இறங்கிப் போனது.

அம்மா திரையை விட்டு நகரவில்லை.

"எப்பவும் போல செருப்ப வரப்புலயே விட்டுட்டு எறங்கிட்டாரு பாரு உங்கப்பா."

வரப்பில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. இந்த கேமில் நான் செருப்பே வரைந்ததில்லை. இடது செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருந்தது.