கழுத்தில் தொங்கும் அளவு நாடா

கடையின் திரைக்குப் பின்னால், கண்ணாடி முன் நின்று, தையல்காரி சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்க்கிறாள். மங்கல் பல்பு வெளிச்சத்தில் தெரிகிறது: நாளெல்லாம் அளவு நாடா உரசும் இடத்தில், சிவந்து ஓரம் தடித்த படர்தாமரை. போன மாதம் மறைந்துபோன அதே வளையம். மருந்துக்கடை அம்மா படித்துப் படித்துச் சொன்னாள்: "சிவப்பு மறைஞ்சாலும் நிறுத்திடாதீங்க, இன்னும் ரெண்டு வாரம் போடுங்க. வளையத்தைத் தாண்டியும் தடவணும். தடவினதும் கையைக் கழுவிடணும்." அரிப்பு நின்றதும் இவள் கிரீமை மூடி நூல்கண்டுப் பெட்டியில் போட்டுவிட்டாள். உடுத்தியதையெல்லாம் வெந்நீரில் துவைத்தவளுக்கு நாடாவைக் கழுவத் தோன்றவே இல்லை. அதைக் கொண்டு எத்தனை கழுத்து, எத்தனை இடுப்பு அளந்தாளோ! விரலில் கிரீமைப் பிதுக்குகிறாள். மற்றொரு கை தன்னையறியாமல் தோளைத் தடவுகிறது. நாடா அங்கே இல்லை. வெளியே, வெட்டுமேசை மேல் வைத்தது நினைவுக்கு வருகிறது. திரைக்கு அப்பால், சட்டை தைக்கக் குழந்தையோடு வந்தவள் கலகலவென்று சிரிக்கிறாள். "அக்கா, சீக்கிரம் வந்து பாருங்களேன்!" திரையை விலக்குகிறாள். மேசை மேல் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. இவள் போட்டுக்கொள்வதுபோலவே அதன் கழுத்தில் நாடா தொங்குகிறது; ஒரு நுனி வாயில். "கழட்டும்மா... மொதல்ல அதைக் கழட்டு." "இருக்கட்டும்க்கா, குட்டி டெய்லர் எவ்ளோ அழகா இருக்கான்!" என்று மறுநுனியை எடுத்து, அம்மாக்காரி அவன் கன்னத்தில் செல்லமாகத் தேய்க்கிறாள்.