தேருக்கு முதல் நாள்

வாலிபத்தில் செய்த ஒரே திருட்டுக்கு ஜெயிலுக்குப் போய்வந்தவர் தவசி. அதிலிருந்து ஒவ்வொரு தேரோட்டத்துக்கும், முன்னெச்சரிக்கை என்று முதல் நாளே போலீஸ் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விடும். தேர் நிலைக்கு வந்தபிறகுதான் விடும். தேர்வடத்தை அவர் தொட்டதே இல்லை. இந்த வருடமும் போர்வையையும் பிரஷர் மாத்திரையையும் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். ஜீப்பிலிருந்து ஏட்டு இறங்கினார்.

“வயசானவங்கள விட்டுடச் சொல்லிட்டாங்க பெரியவரே. நாளைக்கு நீங்களும் போயி வடம் புடிங்க.”

“அப்ப ஜீப்பு எதுக்குங்க ஏட்டய்யா?”

“உங்க பையனுக்கு. போன மாசம் அடிதடி கேசுல அவன் பேரும் ஏறிடுச்சில்ல.”

தவசி பையைத் திறந்து மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்து நின்ற மகனிடம் பையை நீட்டி, “ஜன்னலோரமா படுக்காதடா, கொசு புடுங்கும்” என்றார்.