பழசைக் கேட்காத ரிமோட்

கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கடைக்காரர் தாவூது. மிக்ஸி ஜாருக்காகக் காத்திருந்த கீழத்தெரு செண்பகவடிவு. என் மருமகள் பிரமநாயகி. நான்.

வேறு யாரும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கே அம்பாசமுத்திரத்தில் நாற்பது பேர் நின்று கேட்டதாகச் சொல்வார்கள்.

டிவிக்கு ரிமோட் வேண்டும் என்றேன்.

தாவூது கையை நீட்டினார்.

“பழச குடுங்க அண்ணாச்சி.”

ரிமோட் வாங்கப் போகிறவன் பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதுதான் வழக்கம். கடைச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் நூறு ரிமோட் தொங்கும். பழையதைப் பக்கத்தில் பிடித்து, பொத்தானுக்குப் பொத்தான் பார்த்து, ஒன்றைக் கழற்றித் தருவார்கள்.

கொண்டுவரவில்லை என்றேன்.

மாடல் நம்பர் கேட்டார். தெரியாது என்றேன். வீட்டில் எத்தனை டிவி என்று கேட்டார். கூடத்தில் ஒன்று, மாடியில் மகன் அறையில் ஒன்று என்றேன். எந்த டிவியின் ரிமோட் போனது என்று கேட்டார்.

ஒரு ரிமோட்டுக்கு இத்தனை கேள்வி.

“ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு தாரும்.”

அப்படியானால் யுனிவர்சல்தான் என்று இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஒன்று கறுப்பு. கனமானது. அது பழைய ரிமோட்டிடமிருந்து கற்றுக்கொள்ளும். இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்த வேண்டும். பிறகு எல்லாப் பொத்தானும் சொன்னபடி கேட்கும்.

மற்றது சாம்பல் நிறம். தக்கை. அதற்குப் பழையது தேவையில்லை. டிவிக்கு நேரே பிடித்துச் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், எந்தக் கம்பெனி என்று தானே தேடும். டிவி அணைந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். சத்தம் கூடும், குறையும். சேனல் மாறும். அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

செய்து காட்டினார். சுவரில் ஓடிக்கொண்டிருந்த மூன்று டிவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

கறுப்பையே எடுக்கச் சொன்னார். பழையது உடைந்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே உயிர் இருந்தால் போதும், யாரையாவது அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார்.

என் வீட்டுக்கு நான் இரண்டாம் தரம் வாங்கியதில்லை. அரிசியிலும் இல்லை, வேட்டியிலும் இல்லை.

சாம்பலை எடுத்தேன்.

பழையது என் பீரோவில் இருந்தது. இரண்டு துண்டாக. ஞாயிற்றுக்கிழமை மதியம் பொறுக்கி உள்ளே வைத்துப் பூட்டியவன் நான். வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று பிரமநாயகியிடம் சொன்னவனும் நான்.

அவளைக் கடைக்குக் கூட்டிப்போனதும் அதற்காகத்தான். எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்று ஊர் பார்க்கட்டும்.

செண்பகவடிவு பார்த்தாள்.

“தக்கையா எடுத்தது நல்லதுதான் அண்ணாச்சி. மேல விழுந்தாலும் வலிக்காதுல்லா.”

தாவூது குனிந்து எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கத் தேடினார்.

அவள் பிரமநாயகி பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, மாமனார் தலைக்கே குறி வச்சியாமே. தெருவே சொல்லுது.”

பிரமநாயகி மறுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். தலையை அசைத்திருந்தாலே போதும்.

அசைக்கவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கில் நின்றாள். நெற்றியில் இறக்கி வாரியிருந்த முடியை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக்கு நான்கு தலைமுறைப் பேர் உண்டு. அந்த நிமிடம் அதைச் சுமந்து நின்றது, எங்கள் ரத்தம் இல்லாத ஒருத்தி.

சாம்பலை மேசைமேல் வைத்தேன்.

“எறிஞ்சது எம் மவன் சிதம்பரநாதன். இவ நெத்தியில நாலு தையல். போய்ச் சொல்லு செண்பகம். பேரையும் சேத்துச் சொல்லு.”

“மாமா” என்றாள் பிரமநாயகி. வேண்டாம் என்கிற குரல்.

நான் தாவூதைப் பார்த்து, கறுப்பை எடுத்து வையும், பழையதைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

அன்றைக்கே கொண்டுபோனேன். பையில் போடவில்லை. துணியில் சுற்றவில்லை. கைக்கு ஒரு துண்டு. கடைத்தெரு முழுக்க நடந்தேன். ஒரு மூலையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. துடைக்கவில்லை.

கேட்டவர்களுக்கு நின்று பதில் சொன்னேன். கேட்காத இரண்டு பேருக்கும் சொன்னேன்.

சிதம்பரநாதன் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

இப்போது ஊரில் வேறு பேச்சு. மருமகள் மானத்தைக் காப்பாற்றப் பெரியவர் பெற்ற மகன்மேலேயே பழியைப் போட்டுவிட்டாராம். அந்தப் பெரிய மனது அந்த வீட்டைத் தவிர வேறு எங்கே இருக்கிறது என்கிறார்கள். கோயிலில் ஒருவர் என்னைக் கண்டு கைகூப்பினார்.

அது பொய்.

நான் யார்மேலும் பழி போடவில்லை. அவன் எறிந்தான். நான் அதே கூடத்தில், எட்டடி தள்ளி, நாற்காலியில் இருந்தேன்.

எழுந்திருக்கவில்லை.